கேஸ் கீசர் குளியலறைக்குள் வேண்டாம்: லிங்கராஜபுரம் வாசகிக்குப் பதில்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடியும் தண்ணீர் டேங்கும்தான். நான், கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். காலையில் ஐந்து பேருக்கும் அடுப்பில் வெந்நீர் வைத்து மாளவில்லை. வயரிங் பழசு, கரன்ட் கீசர் தாங்காது என்கிறார் ஓனர். அதனால் கேஸ் கீசர் வாங்கலாம் என்று கணவர் சொல்கிறார். குளியலறை நாலடிக்கு ஏழடி. சின்ன வென்டிலேட்டர் ஒன்று இருக்கிறது, கொசுவுக்காக அதன் கண்ணாடியை மூடியே வைத்திருக்கிறோம். "சுவரிலேயே மாட்டிவிடலாம், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்" என்கிறார் பிளம்பர். எந்த மாதிரி கீசர் வாங்குவது, மாதம் என்ன செலவாகும், எப்படிப் பராமரிப்பது? இன்னொன்று. விவேக் நகரில் என் தங்கை வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது. அங்கே தங்கிக் குளிக்கிற நாளெல்லாம் என் மகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. வெறும் வயிற்றில் குளிப்பதால் என்று நினைத்தோம். கீசருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: வணக்கம். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நீங்கள் நாளைக்குப் படித்தாலும் பாதகமில்லை.

உங்கள் தங்கைக்கு இப்போதே போன் செய்யுங்கள். அவர்கள் வீட்டு கீசர் குளியலறைக்கு உள்ளே மாட்டப்பட்டிருந்தால், அதை இடம் மாற்றும்வரை யாரும் அதைப் பற்றவைத்துக்கொண்டு குளிக்க வேண்டாம். வேறு வழியே இல்லாத நாளில் கதவையும் வென்டிலேட்டரையும் முழுதாகத் திறந்து, ஆள் வெளியே நின்று வாளிகளை நிரப்பி, கீசரை அணைத்து, பத்து நிமிடம் காற்றோட விட்டு, அதன் பிறகே குளிக்கப் போகட்டும். குளித்த நாளில் மட்டும் வந்து, வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் இருந்தால் போய்விடும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தளர்வு எல்லாம் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உடம்பில் ஏறியதற்கான அடையாளங்கள். உங்கள் மகளுக்கு வந்தது அதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அதுதான் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி. குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கேஸ் கீசர் உள்ள வீட்டில் குளித்த நாளில் வருகிறது" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் ஒற்றைத் தலைவலி, வயிற்றுக் கோளாறு, மயங்கி விழுந்திருந்தால் வலிப்பு என்று வேறு திசையில் போய்விடும். நம் நாட்டு மருத்துவ இதழ்களில் இதற்கு "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்று பெயரே வந்துவிட்டது. அந்த அளவுக்கு நடந்திருக்கிறது.

இனி உங்கள் வீட்டு விஷயம். பிளம்பர் சொன்னதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், கணவரிடமும் காட்டுங்கள்.

கடையில் "6 லிட்டர்" என்று விற்கும் கேஸ் கீசரில் தண்ணீர் சேமித்து வைக்கும் தொட்டி கிடையாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றித் தரும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஓடுகிற தண்ணீரை அந்த வேகத்தில் சூடாக்கப் பெரிய தீ வேண்டும். முழுத் தீயில் அது மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிக்கும். உங்கள் சமையலறை அடுப்பின் பெரிய பர்னர் ஐந்தை ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டதற்குச் சமம். அந்த ஐந்து பர்னரையும் நாலடிக்கு ஏழடி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள யாரும் துணிய மாட்டோம். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உங்கள் குளியலறை எட்டடி உயரம் என்றால் அதில் இருக்கும் காற்று சுமார் 6,300 லிட்டர். பத்து நிமிடம் முழுத் தீயில் எரிந்தால் கேஸ் 165 கிராம் செலவாகும். அது சரியாக எரிய 2,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும், அதாவது அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு. எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் திரும்பவும் தீக்குள்ளேயே இழுக்கப்படும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். அது 18-க்குக் கீழே இறங்கினால் கேஸ் அரைகுறையாக எரியத் தொடங்கும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். முழுக்க அடைத்த உங்கள் அறையில் அந்த நிலை வர நான்கைந்து நிமிடம் போதும். கதவின் அடி இடுக்கு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரிச்சலும் வராது. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தலை சுற்றுகிறதே என்று உணரும்போது கால்கள் ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். எழுந்து போய்த் தாழ்ப்பாளை விலக்க முடியாது. குளியலறையில் நடந்த மரணங்களில் தாழ்ப்பாள் போட்டிருந்ததும் ஒரு காரணம்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டால்?" என்று அடுத்த கேள்வி வரும். உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் இழுத்தால், கீசரின் மேல்வாயிலிருந்து ஏற வேண்டிய புகை தடுமாறிக் கீழே திரும்பும். கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் நடைமுறையில் நிற்காது. ஒரு மாதம் வைப்பீர்கள். மார்கழி வந்ததும் குளிருக்குச் சாத்திவிடுவீர்கள். வயதுக்கு வரும் பெண் குழந்தை கதவைத் திறந்து வைத்துக் குளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கருவிகளில் வரும் 20 நிமிடத் தானியங்கி நிறுத்தத்தைப் பலர் பாதுகாப்பு நேரம் என்று நினைக்கிறார்கள். மேலே சொன்ன நான்கைந்து நிமிடத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தவிர, ஒருவர் முடித்து அடுத்தவர் உள்ளே போகும்போது 20 நிமிடம் முதலிலிருந்து தொடங்கும். அறைக் காற்று முதலிலிருந்து தொடங்காது.

தீபாவளி விடியலில்தான் இது உச்சம். ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருப்பார்கள், எண்ணெய் தேய்த்து ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்பார்கள், சீயக்காய் போட்டு அலசுவதால் ஒவ்வொருவருக்கும் நேரமும் தண்ணீரும் இரட்டிப்பாகும். நாலாவது, ஐந்தாவது ஆள் நுழையும்போது அந்த அறையில் இருப்பது முன்னால் போனவர்கள் மிச்சம் வைத்த காற்று. வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்களுக்கு இதன் பாதிப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

ஆகவே கீசர் இருக்க வேண்டிய இடம் வெளிக்காற்று படும் சுவர். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். பெங்களூரு வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஒரு யுடிலிட்டி இருக்கும். உங்கள் வீட்டில் அது திறந்தவெளியாக, கம்பி மட்டும் போட்டதாக இருந்தால் நல்ல இடம். சறுக்குக் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள் என்றால் அதுவும் இன்னொரு அறைதான், கீசருக்கு ஆகாது. மும்பை அடுக்ககங்களில் பால்கனியை அறையோடு சேர்த்துவிட்டவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வெளியே மாட்டும்போதும் சில இடங்களைத் தவிருங்கள். குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே கூடாது. புகை மேலே ஏறி அந்த வழியாக உள்ளே போகும். உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், கதவிடுக்கில் வர வேண்டிய காற்றைக்கூட யுடிலிட்டி பக்கமிருந்து இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலையும் பாருங்கள். யுடிலிட்டியில் துணி காயப்போடும் கொடி கீசருக்கு மேலே இருந்தால் அதை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிடுங்கள். காற்றில் ஒரு துண்டு நழுவிப் புகைவாயின் மேல் விழுந்தால் தீயும் பிடிக்கலாம், புகையும் அடைபடும். மேலே ஒன்றரை அடி, பக்கங்களில் அரை அடி காலியாக விடுங்கள். தீயைப் பார்க்கும் சின்ன ஜன்னல் உங்கள் கண் உயரத்தில் வரட்டும். சாரல் நேராக அடிக்கும் மூலையும் சரிப்படாது, தீ அணைந்து அணைந்து போகும்.

குழாய்க்கு வருவோம். வெந்நீர் வரும் பாதையில் சாதாரண பி.வி.சி. போடக் கூடாது, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. வேண்டும். கீசரின் வாயிலேயே அதை நேராகச் செருகாமல் முதல் ஒரு அடிக்கு உலோகக் குழாயோ எஃகுப் பின்னல் போட்ட இணைப்புக் குழாயோ வையுங்கள். பர்னர் சூட்டில் பிளாஸ்டிக் மூட்டு இளகி நாளடைவில் ஒழுகும். அரை அங்குல சி.பி.வி.சி.யில் மீட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லி தண்ணீர்தான் நிற்கும். யுடிலிட்டியிலிருந்து குளியலறைக்கு ஐந்து மீட்டர் என்றால் முதலில் வரும் பச்சைத் தண்ணீர் ஒரு பெரிய சொம்புக்குள் அடங்கும். "தூரமானால் வெந்நீர் ஆறிவிடும்" என்று பிளம்பர் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மேல் மாடியில் இருப்பதால் உங்களுக்குத் தண்ணீர் அழுத்தம்தான் உண்மையான சிக்கலாக இருக்கும். கீசருக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தள்ளினால்தான் சுவிட்ச் இயங்கிப் பொறி அடிக்கும், கேஸ் திறக்கும். பல மாடல்கள் சதுர சென்டிமீட்டருக்கு 0.25 முதல் 0.3 கிலோ அழுத்தம் கேட்கும். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதில் மீட்டருக்கு 0.1 கிலோதான் கிடைக்கும். அதாவது கீசர் வாயிலிருந்து டேங்கின் அடிமட்டம் இரண்டரை, மூன்று மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் தரையோடு வைத்த டேங்க் என்றால் உங்களுக்கு ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. முந்தின இரவு டேங்க் நிரம்பியிருந்தபோது எரிந்த கீசர், காலை ஏழு மணிக்கு நாலு வீட்டார் தண்ணீர் பிடித்த பிறகு எரியாது. வாங்குமுன் யுடிலிட்டிக் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி வைத்துப் பாருங்கள், அதுவும் காலை நெரிசல் நேரத்தில். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் சாதாரண மாடலே வேலை செய்யும். நிரம்பாவிட்டால் குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் மாடலைக் கேளுங்கள், கீசர் வரைக்கும் முக்கால் அங்குலக் குழாய் போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், ஷவரை மறந்துவிட்டு வாளியில் பிடியுங்கள். அப்போதும் ஆகாவிட்டால் ஓனரிடம் டேங்கை மேடை கட்டி உயர்த்தச் சொல்ல வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வேண்டும்.

எதை வாங்குவது என்பதில் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குழப்பம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனோடு ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. மினி வாட்டர் ஹீட்டருக்கான இந்தியத் தர எண் அது. தீ அணைந்தால் கேஸை மூடும் அமைப்பு, அதிகச் சூட்டில் நிறுத்தும் அமைப்பு, ஆக்ஸிஜன் குறைந்தால் நிறுத்தும் சென்சார் ஆகியவை இருக்கின்றனவா என்று கையேட்டில் பாருங்கள். விற்பனையாளர் வாய்ச்சொல் போதாது. சென்சார் இருக்கிறதே என்று அதை உள்ளே மாட்டவும் கூடாது. சூடேறும் பகுதி செம்பாக இருக்கட்டும். எண் காட்டும் திரைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம், அந்தப் பணத்தைச் செம்பின் தரத்துக்கும் பெங்களூரில் சர்வீஸ் ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கும் கொடுங்கள். ஆறு லிட்டர் உங்களுக்குத் தாராளம். இங்கே குளிர்காலத்திலும் டேங்க் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், குளிக்க 40 போதும். ஜனவரியில் 12 டிகிரித் தண்ணீர் வரும் டெல்லியில்தான் ஆறு லிட்டர் போதவில்லை என்ற புகார் நியாயமானது.

எல்.பி.ஜி. கீசரும் குழாய் கேஸ் கீசரும் வேறு வேறு. சிலிண்டர் ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் தரும், குழாய் கேஸ் 21 மில்லிபாரில் வரும், பர்னருக்குள் கேஸை விடும் நாசில் துளையின் அளவும் மாறும். ஒன்றை மற்றதில் மாட்டினால் தீ புகைந்து எரியும், அல்லது பொங்கி எரியும். உங்கள் தெருவில் கெயில் கேஸ் குழாய் வரப்போகிறது என்றால், பின்னால் நாசில் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கேஸ் இணைப்பில் நான் பார்க்கும் பொதுவான தவறு, அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை வெட்டி 'T' வடிவ இணைப்பு போட்டு கீசருக்குக் கொடுப்பது. அப்படிச் செய்யவே கூடாது. கீசர் எரியும்போது அடுப்புத் தீ சுருங்கும், கீசர் தீயும் சோரும், கசிய ஒரு மூட்டு கூடும். கீசருக்குத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர். இரண்டாவது சிலிண்டரை உங்கள் ஏஜென்சி மூலம் முறையாக வாங்குங்கள், கீசருக்கு என்று அவர்களிடம் சொல்லியே வாங்குங்கள். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். டியூப் சுவரைத் துளைத்துப் போகக் கூடாது. சுவர் தாண்ட வேண்டுமென்றால் செம்புக் குழாய்தான். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், கீசருக்கு நேர் கீழே வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். யுடிலிட்டியில் தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் சிலிண்டர் வைக்காதீர்கள் என்பது அதனால்தான். மாட்டி முடித்ததும் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பிளம்பரை அப்போதே நிறுத்துங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

தினமும் ஓட்டும் முறை எளிது. ரெகுலேட்டரைத் திறந்து, குழாயைத் திறந்து, தீ பற்றியதும் ஒரு பார்வை. நீலமாக, சத்தமில்லாமல், வரிசையாக எரிய வேண்டும். நுனி மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை, அல்லது பர்னரில் தூசி, சிலந்தி வலை. அன்றைக்கே நிறுத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் தீயோடு ஒரு வாரம் ஓட்டினால் மேலே செம்புத் தகடுகளின் இடுக்கில் கரி அடையும், புகை ஏற வழி குறையும், தீ இன்னும் மஞ்சளாகும். ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டே போகும்.

சூட்டை கேஸ் குமிழால் சரிசெய்யுங்கள். குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்து சரிசெய்யப் பார்த்தால், மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளி கீசர் அணைந்துவிடும். மேல் மாடியில் இது கட்டாயம் நடக்கும். இன்னொரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சொல்லி வையுங்கள். நடுவில் குழாயை மூடி உடனே திறந்தால் முதல் அரைச் சொம்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும், ஏனென்றால் நின்றுபோன தண்ணீர் சூடான செம்புக்குள் வெந்துகொண்டிருந்தது. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை வெந்துபோகச் செய்யும், குழந்தைத் தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம். வாளியில் பிடித்து, கையால் பார்த்து, பிறகே ஊற்றிக்கொள்ளட்டும். எல்லோரும் குளித்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

பழுதுகளைச் சத்தத்தை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். குழாயைத் திறந்தும் டிக் டிக் சத்தமே இல்லையா? பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லையேல் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அதுவுமில்லையேல் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடையில் மண் அடைத்திருக்கும். டேங்கர் தண்ணீர் வாங்கும் வீடுகளில் மூன்றாவதுதான் அதிகம். சல்லடையைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் கழுவலாம், அதற்கு ஆள் தேவையில்லை. பேட்டரி இரண்டு பெரியவை, அல்கலைன் வகை போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரியில் 1.2 வோல்ட்தான், பொறி வலுவாக இருக்காது. டிக் டிக் வருகிறது, தீ வரவில்லை என்றால் கேஸ் வரவில்லை. சிலிண்டர் மாற்றிய பிறகு டியூபில் காற்று நிற்பதால் இரண்டு மூன்று முறை திறந்து மூட வேண்டியிருக்கும். சிலிண்டர் தீரும் நேரத்தில் அடுப்பு நன்றாக எரியும், கீசர் எரியாது. அதற்கு வேண்டிய வேகத்தில் அடியில் மிஞ்சிய கேஸ் ஆவியாகாது என்பதே காரணம், கீசரில் பழுதில்லை. பற்றி ஐந்தாறு விநாடியில் அணைந்தால் தீயை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கும், அல்லது ஆக்ஸிஜன் குறைந்து சென்சார் நிறுத்துகிறது. இரண்டாவது என்றால் கருவி உங்களுக்கு எச்சரிக்கை தருகிறது. சென்சாரை நீக்கி ஒயரை நேராக இணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

டப் என்று வெடித்துப் பற்றினால் பொறி தாமதமாக அடிக்கிறது, அதற்குள் கேஸ் சேர்ந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றிப் பாருங்கள், நிற்காவிட்டால் சர்வீஸ். குழாயை மூடிய பிறகும் தீ எரிந்துகொண்டே இருந்தால் மட்டும் ஒரு கணமும் யோசிக்காதீர்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். டயாஃப்ரம் கம்பி சிக்கிக்கொண்டது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாயைப் பிளக்கும். அதை மாற்றாமல் திரும்பப் பற்றவைக்கக் கூடாது.

காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் உப்புப் படிவு மெதுவாகத்தான் சேரும். போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் என்றால் ஒரே வருடத்தில் செம்புக் குழாயின் உள்ளே வெள்ளைப் பாறை கட்டும். குமிழ் முழுதாகத் திறந்தும் தண்ணீர் முன்போல் சுடவில்லை, வேகமும் குறைந்துவிட்டது, உள்ளே கெட்டில் கொதிப்பதுபோல் சலசலப்பு என்றால் அதுதான். சர்வீஸ் ஆள் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கரைப்பார். வருடம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால், பர்னர், நாசில், செம்புத் தகடு, டயாஃப்ரம் நான்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பெட்டியைத் துடைத்துவிட்டு பில் போடுவது சர்வீஸ் ஆகாது.

செலவுக்கு வருகிறேன். ஐந்து பேர், ஆளுக்கு 25 லிட்டர், 20 டிகிரிச் சூடு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 270 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் ஐம்பது நாளை ஒட்டி வரும், மாதம் எட்டு கிலோ. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். இதே வேலையைக் கரன்ட் செய்தால் மாதம் 95 யூனிட்டுக்கு மேல். உங்கள் வீட்டு மீட்டர் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருந்தால் இந்த 95-ஐ இப்போதைய யூனிட்டோடு கூட்டிப் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். தாண்டாவிட்டாலும், உங்களுக்கு ஒதுக்கிய அளவுக்கு மேல் போன யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

யுடிலிட்டி மூடியது, வெளிச்சுவரே கிடையாது என்று முடிந்தால் கேஸ் கீசர் வாங்காதீர்கள். அப்போது ஓனரிடம் வயரிங்கைப் பற்றி மறுபடி பேசுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கரன்ட் கீசர் இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குள்தான். வீடு முழுக்க ஒயர் மாற்றத் தேவையில்லை. மீட்டர் போர்டிலிருந்து அந்த கீசருக்கு மட்டும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக, கரன்ட் அதிகமானால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி., கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை, கேஸ் கீசருக்குக் குழாய் இழுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 லிட்டர் 60 டிகிரிக்கு வர இருபது நிமிடம் ஆகும், பச்சைத் தண்ணீர் கலந்தால் 30 லிட்டர், ஒருவர் குளிக்கச் சரியாக இருக்கும். பள்ளிக்கு அவசரமாக ஓடும் வீட்டில் 25 லிட்டர் வாங்குவது நல்லது, முதல் இருவர் அடுத்தடுத்துக் குளிக்கலாம்.

வெளியே மாட்டினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள், பேட்டரியில் ஓடுவது. கேஸ் கசிவு அலாரம் வேறு, அது இந்த வாயுவைக் கண்டுகொள்ளாது. அட்டையில் எந்த வாயுவுக்கு என்று பார்த்து வாங்குங்கள். குளியலறை ஈரத்தில் மாட்டாமல் அதன் கதவுக்கு வெளியே, நெஞ்சு உயரத்தில் மாட்டலாம். உங்கள் தங்கைக்கும் ஒன்று.

யாராவது குளியலறையில் நீண்ட நேரமாகப் பதில் தராவிட்டால் கதவை உடைக்கத் தயங்காதீர்கள். கீசரை அணைக்க நின்று நீங்களும் மயங்கிவிடக் கூடாது. முதலில் ஆளை வெளிக்காற்றுக்கு இழுங்கள், 108 அல்லது 112, பிறகுதான் கீசர். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் நம்பாதீர்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் ஆக்ஸிஜன் ஏறிய இரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மருத்துவமனையில் "கேஸ் கீசர்" என்ற சொல்லைச் சொல்லி, இரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் பரிசோதனை கேளுங்கள். சாதாரணக் காற்றில் இந்த நச்சு பாதி குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும், முகமூடியில் முழு ஆக்ஸிஜன் தந்தால் ஒன்றரை மணி நேரம்தான். எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் நடைத் தள்ளாட்டமும் வருவதுண்டு.

ஓனரிடம் பேசும்போது கேட்க வேண்டியவை மூன்று: யுடிலிட்டியிலிருந்து குளியலறைக்கு ஒரு அங்குலத் துளை போட அனுமதி, சி.பி.வி.சி. குழாய் சுவருக்கு வெளியே ஓட அனுமதி, காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவோம் என்ற உறுதி. குழாய்ச் செலவை அவர் ஏற்க மறுத்தாலும் பரவாயில்லை, நீங்களே போடுங்கள். ஐந்து மீட்டர் குழாயும் நாலைந்து மூட்டும் பெரிய தொகை இல்லை. துளை போட்ட இடத்தைக் குழாயைச் சுற்றி சிமென்டால் நன்றாக அடைக்கச் சொல்லுங்கள், புகை அந்த இடுக்கு வழியாகவும் உள்ளே வரும்.